சீல் உடைக்காத சிலிண்டர்

காஸ் இல்லாத அந்த மாதங்களில்
கொட்டாஞ்சேனை மூன்றாம் மாடியில்
மூன்று வீட்டுக்கும் ஒரே அடுப்பு.
பெர்னதெத்தின் குசினியில்தான் காற்று வரும்,
அதனால் அங்கே.

பிறகு கப்பல் வந்தது. லொறி வந்தது.
வரிசை கலைந்தது.
என் நீலச் சிலிண்டர்
கதவுக்குப் பின்னால், குடைக்குப் பக்கத்தில்,
இன்னும் சீல் உடைக்காமல்.

யாரும் எதையும் பேசிவைக்கவில்லை.
ஏழு மணிக்கு அரிசிச் சுண்டோடு போனேன்.
நுஸ்ரத் பருப்போடு வந்தாள்.
சுமணபால ஏற்கெனவே
தேங்காய் துருவிக்கொண்டிருந்தார்,
நேற்றுப் போலவே.

அதற்குப் பிறகுதான்
மைக்ரோவேவை விற்றேன்.
ஆறு பேர் மேசையையும்.
ஆறு பேர் ஒருநாளும் இருக்காத மேசை.
இப்போது வெறுந்தரையில் ஏழு பேர்;
நுஸ்ரத்தின் சின்னவன்
யாருடைய மடியென்று பார்ப்பதில்லை.

சண்டை இல்லாமலில்லை.
உப்புக்காக ஒரு கிழமை
நானும் பெர்னதெத்தும் பேசவில்லை.
பேசாமலே பக்கத்தில் நின்று
கோப்பை கழுவினோம்.
அவள் கழுவ, நான் துடைக்க.

கந்தோரில் பதவி உயர்வு தந்தார்கள்.
இரவு ஒன்பது வரை இருக்க வேண்டுமாம்.
"ஒன்பதுக்குச் சோறு ஆறிவிடும், சேர்."
பகிடி என்று நினைத்துச் சிரித்தார்.
கடிதத்தை மடித்து
அவர் மேசையிலேயே வைத்தேன்.

மழை.
துறைமுகத்தில் எதோ ஒரு கப்பல் ஊதுகிறது.
நனைந்த சப்பாத்தோடு படியேறுகையில்
மேலே பெர்னதெத்தின் குரல்:
"பானையை மூடு பிள்ளை,
இன்னும் ஒரு ஆள் வர இருக்குது."

இரண்டாம் மாடியில்
கொஞ்சம் நின்று
மூச்சு வாங்கிக்கொள்கிறேன்.
அந்த ஒரு ஆள்.