பதினோராம் வரி

நேற்று மாலை இடி
செம்பனை ஆலையின் எடைமேடைக்குப் பின்னால் இறங்கியது.
விளக்கு மூன்று முறை இமைத்தது.
பீடோர் டவுன் அதை அப்போதே மறந்துவிட்டது.
சர்வர் மறக்கவில்லை.

களஞ்சியத்தைச் சோதிக்கச் சொன்னேன்.
ஆறாயிரத்துச் சொச்சம் பொருள்களை
ஒவ்வொன்றாய்த் தொட்டுக்கொண்டு போனது,
பெரட்டில் கிராணி பேர் வாசிப்பதைப் போல.
ஒரே ஒரு பேருக்குப் பதில் இல்லை.
ஏழு, சி, நான்கு, ஒன்று, ஈ...
கோப்பு இருக்கிறது. அளவு பூஜ்யம்.

குலைக் கழிவுப் பட்டியல், செப்டம்பர்.
பழுக்காத குலைக்கு எத்தனை விழுக்காடு பிடித்தீர்கள் என்று
சிறுதோட்டக்காரர்கள் வாசலில் வந்து கேட்ட
அதே பட்டியல்.
மூன்று, என்கிறார் மேனேஜர் தனபாலசிங்கம்.
ஐந்து, என்கிறது அவர்கள் கைக்கு வந்த பணம்.

மறுபிரதி இருந்த மடிக்கணினியைப்
போன தீபாவளிச் செலவுக்கு விற்றது நான்.
அதை யாரிடமும் சொல்லவில்லை.

எடைமேடைச் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது.
கமாருல்சமான் படமெடுத்து அனுப்பினான்.
கூரை ஒழுகி, பதினோராம் வரியில்
எண் இருந்த இடத்தில் நீலக் கறை.
மற்றப் பதினெட்டு வரியும் தெளிவு.

தட்டச்சு செய்தேன். மூன்று போட்டேன்.
கைரேகை கேட்டேன்: வேறு யாரோ.
ஐந்து போட்டேன்: அதுவும் வேறு யாரோ.
நாற்பது எழுத்து,
கிட்டத்திலாவது வரக்கூடாதா?
வராது. ஒரு புள்ளி பிசகினால்
ஆளே மாறிவிடும் கணக்கு இது.

இரவு பதினொன்று.
கீழே கோப்பிக் கடையில் நாற்காலி கவிழ்க்கிறார்கள்.
டக், டக்.

புவனேந்திரன்.
பட்டியலை எழுதியவன்,
அக்டோபரில் சொல்லாமல் ஜொகூருக்குப் போனவன்.
மனசு ஒப்பாத இடத்தில்
இடைவெளிக் கட்டையை இருமுறை தட்டுவான், டக் டக்,
ஒரு பெருமூச்சு,
அதற்குப் பிறகுதான் அடுத்த வரி.
தாளில் எப்படித் தெரியும் அது?

முதல் வரியிலிருந்து வைத்துப் பார்த்தேன்,
ஒவ்வொரு வரிக்கும் ஒருமுறை மூன்றோடு, ஒருமுறை ஐந்தோடு.
யாரோ, யாரோ, யாரோ.
பதினோராம் வரி. ஐந்து.
வெற்றிடம். வெற்றிடம்.
ஏழு, சி, நான்கு, ஒன்று, ஈ
எழுந்து நின்றுவிட்டேன்.

கோப்பை அதன் இடத்தில் வைத்து மறுபடி சோதித்தேன்.
திரையில் ஒரு சொல்லும் வரவில்லை.
அதற்கு நலம் என்று பொருள்.

மேனேஜருக்கு இன்னும் சொல்லவில்லை.
புவனேந்திரனுக்கு மணி அடித்துக்கொண்டே இருந்தது.
கமாருல்சமானுக்கு மட்டும் ஒரு செய்தி:
அந்தத் தாளைக் கிழித்துவிடாதே.
கறைக்கு வலப்பக்கம்
ஒன்றுமே இல்லாத இடம் இருக்கிறதல்லவா,
நாளை வெளிச்சம் வந்ததும்
அதையும் சேர்த்து இன்னொரு படம் எடு.