வட்டி எவ்வளவு

செல்லூரில் தறிச்சத்தத்துக்கு மேலே மாடி அறை.
மேசை நடுவே இருபது முகப் பகடை.

எங்கள் கூட்டத்தில் வாள்வீரர்கள் மட்டும் நாலு பேர்.
நாலாவது என்னுடையவள்.
மூன்று வாரமாய் ஆட்டம் நடத்தும் ரெஜினால்டு
"அப்புறம் அந்த இன்னொருத்தி" என்றான்.

பலத்தைக் கூட்டினேன்.
மர்சூக் அதைவிடக் கூட்டினான்.
கன்னத்தில் தழும்பு வைத்தேன்.
தேன்மலரின் ஆளுக்கு இரண்டு.
செத்துப்போன அப்பா அம்மா
எல்லோருக்கும் இருந்தார்கள்.

நேற்று ராத்திரி
டெய்லி வசூல்காரர் பைக்கை அணைக்காமல்
வாசலில் நின்றுவிட்டுப் போனபிறகு
அவளுக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு கொடுத்தேன்.
யாருக்கு என்ன பாக்கி என்று எழுதுவாள், அவ்வளவுதான்.
மர்சூக்குக்கு ஒரு அம்பு.
பாலத்துக் காவலனுக்கு ஒரு பொய்.

இன்று குகை.
தங்கக் குவியல்மேல் டிராகன்.
மூன்று வாளும் உருவியாயிற்று, என் முறை.

அவள் வாளைக் கீழே வைத்தாள்.
நோட்டைப் பிரித்தாள்.
"ஒரு பத்தாயிரம் வேணும்ண்ணே,
வட்டி எவ்வளவு?"

ரெஜினால்டு விதிப்புத்தகத்தைப் புரட்டினான்.
நெருப்பு எத்தனை அடி பாயும் என்று இருந்தது.
வட்டி இல்லை.
கீழே தறி மட்டும் ஓடியது.

தொண்டையைச் செருமி, டிராகன் குரலில்,
"பேரைச் சொல்லு, எழுதிக்கணும்."

தாளில் இருந்த எல்வராவை அடித்துவிட்டு
ஒச்சம்மா என்றேன்.

"ஜாமீன் யாரு?"

மர்சூக்
மற்ற இருவரையும் பார்த்தான்.