பகல் சிப்டு

இரவு முழுக்க மஞ்சள் விளக்கின் கீழ் நிற்கிறேன்,
கண் மட்டும் தெரியும் வெள்ளை உடுப்பில்.
பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில்
சிலிக்கான் தகடுகளைத் தட்டில் அடுக்குவது என் வேலை.
வெயில் எட்டிப் பார்க்கவே கூடாத அறை.
காலை ஏழரைக்கு பஸ் என்னை
சுங்கை ஆராவில் இறக்கிவிடும்போது
அதே சிலிக்கான் என் கூரைமேல்
கறுப்பாய்ப் படுத்திருக்கும்.
நான் முடித்தேன். அது பஞ்ச் கார்டு போடுகிறது.

பொருத்த வந்த குணாளன்
ஏணியில் நின்றபடி சொன்னான்:
வெயில் வந்து இடிக்கும், அக்கா.
உள்ளே சும்மா இருக்கிற எலக்ட்ரான் எழுந்து ஓடும்.
ஒரே பக்கம்தான் ஓடலாம், திரும்பி வர வழி கிடையாது.
அவ்வளவுதான் கரண்டு.
பிறகு சுவரில் மாட்டிய பெட்டியைத் தட்டி,
நேராய் ஓடி வருவதை இது
முன்னும் பின்னும் ஆட வைக்கும்,
உங்கள் சோற்றுப் பானைக்கு ஆட்டம்தான் பிடிக்கும் என்றான்.

வீட்டின் நேரம் புரண்டு போனது.
துணி துவைப்பது பதினொன்றுக்கு.
சோறு பன்னிரண்டுக்கு.
இரவுச் சட்டைக்கு இஸ்திரி,
இரண்டு மேகங்களுக்கு நடுவே கிடைக்கும் இடைவெளியில்.
தண்ணீர்த் தொட்டியின் நிழல் மூன்று மணிக்குமேல்
ஓரத்துத் தகட்டில் விழுகிறது,
அதற்கு ஒரு வழி செய்ய வேண்டும்.

மிஞ்சியது மீட்டர் வழியே வெளியே போகும்.
யார் பக்கத்தில் இருக்கிறாரோ அவர் வீட்டுக்குத்தான் முதலில்.
மேடம் கூயின் ஏர்கோனில்
என் வெயில் குளிர்கிறது.
அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை.

போன மாத பில்லு நாற்பத்திரண்டு ரிங்கிட் முப்பது சென்.
கணவர் இரண்டு முறை படித்துவிட்டு
கண்ணாடியைத் துடைத்துப் போட்டு இன்னொரு முறை படித்தார்.
பெட்டிக்குப் பின்னால் கதகதப்பில் ஒரு பல்லி குடியேறியிருக்கிறது.
அதற்கு பில்லே இல்லை.

அந்தப் புதன்கிழமை
முந்தின இரவு மழைக்கு எங்கோ மரம் சாய்ந்து கிடந்தது.
நடுப்பகலில் விசிறி நின்றதும் விழித்துக்கொண்டேன்.
வெளியே கண் கூசும் வெயில்,
கூரை கொதிக்கிறது,
உள்ளே ஒரு விளக்குகூட எரியவில்லை.

கோபத்தோடு குணாளனை அழைத்தேன்.
வெளிக் கம்பி செத்தால் உங்கள் பெட்டியும் அடங்கிவிடும், அக்கா.
பேட்டரி வேண்டாம் என்றீர்களே.
கம்பத்தில் ஒருத்தன் ஏறியிருப்பான்,
கரண்டு இல்லை என்று நம்பி கை வைப்பான்.
உங்கள் கூரையிலிருந்து போனால்?
ஊர் அணைந்தபின் ஒரு கூரை மட்டும் கரண்டு தள்ளினால்
எங்கள் பாஷையில் அதற்குப் பேர் தீவு.
தீவாகக் கூடாது.

தீவில் நின்றுகொண்டுதான்
அதைக் கேட்டேன்.

கேட்டுக்கு வெளியே வந்தேன்.
மேடம் கூய் காலண்டர் அட்டையால் விசிறிக்கொண்டிருந்தார்.
லோரோங் முனையில், தூக்கிய கூடைக்குள்,
மஞ்சள் தொப்பி போட்ட ஒருவன்.
கையுறையோடு கம்பியைப் பிடித்திருந்தான்.
முகம் தெரியவில்லை.
நான் அங்கேயே நின்றேன்,
அவன் இறங்கும்வரை.

பெட்டி உடனே எழவில்லை.
ஐந்து நிமிடம் யோசித்தது.
பிறகு பச்சை விளக்கு, சின்ன முனகல், பல்லி நகர்ந்தது.
விசிறி சுற்றியபோது மணி மூன்று.
இன்னும் இரண்டரை மணி நேரம் தூங்கலாம்.
பாலேக் பூலாவ் மலைப் பக்கம் மேகம் ஏறிக்கொண்டிருந்தது.