ஒன்றரை மணி

இன்னும் மூன்று முத்திரை பாக்கி.
நோட்டரியிடம் ஒன்று, பாஸ்போர்ட் அலுவலகத்தில் ஒன்று,
மூன்றாவது எதற்கென்று
வழக்கறிஞர் ஒதீலியாவுக்கே தெரியவில்லை.
"கேட்பார்கள், வாங்கிவிடுவோம்" என்கிறார்.

பொகோட்டாவில் பத்தொன்பதாம் நாள், மழை.
படியேறினால் எனக்கு இன்னும் மூச்சு வாங்குகிறது.
பிள்ளைகளுக்கு மலையில் பிறந்த நுரையீரல்,
இரண்டிரண்டு படியாகத் தாவி
மேலே நின்று என்னை வேடிக்கை பார்க்கிறார்கள்.

புதுப் பிறப்புச் சான்றிதழ் நேற்று கைக்கு வந்தது.
அதன்படி
பதின்மூன்று வருடம் முன்பு ஒரு மார்ச் மாதத்தில்
பாஸ்தோ நகர ஆஸ்பத்திரியில்
யூரானியைப் பெற்றவள் நான்.
அந்த மார்ச்சில் நான்
காலியாரித் துறைமுகத்தில், கண்ணாடிக்குப் பின்னால்,
கப்பலுக்குச் சீட்டுக் கிழித்துக்கொண்டிருந்தேன்.
யூரானி தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்,
கள்ளநோட்டைப் பார்க்கும் கடைக்காரி மாதிரி.
"அவங்க பேர் எங்க?"
இதில் இல்லை, என்றேன்.
மடித்தாள். மடிப்பை நகத்தால் நீவினாள்.
திருப்பித் தந்தாள்.

இரவு இரண்டு மணிக்கு என் கைபேசி அதிரும்.
டெய்விக்கு எட்டு வயது, படுக்கையை நனைப்பான் என்று
கோப்பில் எழுதியிருந்தது.
எழுப்பிக் கூட்டிப்போவேன். நிற்பான். ஒரு சொட்டும் வராது.
கூச்சம்போல, என்று நினைத்துக்கொள்வேன்.
ஆனாலும் விரிப்பு ஒரு நாளும் நனைந்ததில்லை,
அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்.

இன்று காலை ரொட்டிக்கு வெண்ணெய் கேட்டேன்.
என் மொழியின் வெண்ணெய் இவர்களுக்குக் கழுதை.
டெய்வி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்,
இத்தாலியத் தூதரகத்து வரிசையிலும்
கழுதையாகவே கத்திக்கொண்டு நின்றான்.
எங்கள் இரண்டு மொழிகளும் பங்காளிகள்.
ஜாடை ஒன்று. நம்பிக் கைநீட்டக் கூடாது.

திரும்பும்போது அடைமழை. ஒரு டாக்ஸி நின்றது.
டெய்வி முதலில் உள்ளே புகுந்தான்.
நான் அவளைப் பார்த்து, நனைகிற அவசரத்தில்,
"ஸாலி!" என்று கத்தினேன்.
எங்கள் ஊரில் அதற்கு "ஏறு" என்று அர்த்தம்.

அவள் பையைத் தோளில் மாட்டினாள்.
ஓரடி பின்னால் வைத்தாள்.
முகத்தில் ஒன்றும் இல்லை.
தன் நிறுத்தம் வந்ததும் இறங்குகிறவளின் நிதானம்.

ஓட்டுநர் எவேலியோதான் சொன்னார்:
"அம்மா, பாஸ்தோப் பக்கம் அப்படிச் சொன்னா
வெளியே போ-ன்னு அர்த்தம்."

குடையை எங்கே போட்டேனோ.
அவளுடைய முழங்கையைப் பிடித்தேன், பையைப் பிடித்தேன்,
தெரிந்த ஸ்பானிய வினைச்சொல்லையெல்லாம்
தப்புத்தப்பாகக் கொட்டினேன்.
வாய்ப்பாடு ஒப்பிக்கும் பிள்ளையைப் பார்ப்பதுபோல்
முடியட்டும் என்று காத்திருந்துவிட்டு ஏறினாள்.

பாதித் தூரம் போனபின், ஜன்னல் பக்கம் பார்த்தபடி:
"இவனை மட்டும் கூட்டிட்டுப் போறீங்கன்னு நெனச்சேன்.
பரவால்ல.
ஒண்ணுதான் யோசிச்சேன்.
ரெண்டு மணிக்கு எழுப்பினா லேட்டு.
ஒன்றரைக்கே எழுப்பணும். தினமும் நான் எழுப்பிடறேன்.
அதை உங்ககிட்ட சொல்லவே இல்லையேன்னு."

எவேலியோ வைப்பரைக் கூட்டினார்.
டெய்வி என் ஈர மடியில் தூங்கிப்போயிருந்தான்.

விமானம் வியாழக்கிழமை.
மூன்றாவது முத்திரை இன்னும் வரவில்லை.

கைபேசியை மாற்றி வைத்தேன்,
அது அதிர்வதற்கு முன்பே விழித்துக்கொண்டேன்.
குளியலறை விளக்கின் கீற்றில் தெரிந்தது:
யூரானி கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள்,
ஒரு காலில் செருப்பு.
நான் டெய்வியை அணைத்து நடத்திப்போனேன்.
கதவுக்கு அப்பால் அவள் அசைகிற சத்தமே இல்லை.
தண்ணீர்ச் சத்தம் கேட்டது, தாராளமாக,
தூக்கத்திலேயே அவன் கழுதை என்று முனகினான்.

திரும்பிவந்து அவனைப் போர்த்தும்போது பார்த்தேன்.
இன்னொரு செருப்பை அவள் தேடவில்லை.
மாட்டியிருந்ததை உதறினாள்.
அது சுவரில் பட்டுக் கவிழ்ந்து விழுந்தது.