கீழ்ப்படியில் ஒரு கதிரை

நாற்பத்தொரு வயதில் எனக்கு ஒரு சொல் தந்தார்கள்.
பெரியாஸ்பத்திரி, கடைசி அறை.
சுவரில் யானை, முயல், பலூன் பிடித்த கரடி.
நான் இருந்த கதிரை
என் முழங்காலுக்குக் கீழே நின்றது.
டொக்டர் நல்ல மனுசி. நிறுத்தி நிறுத்தி எழுதினா.
"அடுத்தது என்ன?" என்று கேட்டேன்.
பேனை மூடியைத் தேடினா.
"சின்னப்பிள்ளையளுக்கு எண்டால் கிளினிக் இருக்கு..."
மூடி என் பக்கம்தான் கிடந்தது.
எடுத்துக் கொடுத்தேன்.

மதியிறுக்கம்.
கொக்குவில் வரும்வரை பஸ்ஸில்
அந்தச் சொல்லைப் பிரித்தும் பூட்டியும் பார்த்தேன்.
இறுக்கம் மதியில் இல்லை.
சட்டைப் பின்கழுத்தில் தைத்த துணிச்சீட்டில் இருக்கிறது.
கச்சேரி மின்விசிறியின் கிறீச்சில்.
"முகத்தைப் பாத்துக் கதையுங்கோவன்" என்பதில்.
வேண்டாம் வேண்டாம் என்ற பிறகும்
இலையில் விழும் மூன்றாவது கரண்டிப் பாயசத்தில்.

அக்கா சொன்னாள், ஒருத்தருக்கும் சொல்லாதை.
ஆரிட்டைச் சொல்ல?
காணிப் பதிவு அறைக் கோப்புகளுக்கு
அடுத்த நாளே சொல்லிவிட்டேன்.
அவை குறுக்கே கதைக்கவில்லை.

ஏழு மாதம் கழித்து நஸ்லியாவைச் சந்தித்தேன்.
பிரதேச செயலகத்தில் ஒரே படிவத்தோடு நின்றாள்.
பார்வை, செவிப்புலன், நடமாட்டம்
எல்லாவற்றுக்கும் பெட்டி இருந்தது.
எங்களுக்கு "ஏனையவை".
பக்கத்தில் ஒரு அங்குலக் கோடு.
"இதுக்குள்ளை என்னத்தை எழுதுறது?" என்று கோட்டிடம் கேட்டேன்.
"சனிக்கிழமை வாங்கோ," என்றாள் நஸ்லியா,
அவளும் கோட்டைப் பார்த்தபடி.

சைக்கிள் கடைக்கு மேலே ஒரு அறை.
பின்னேரம் மூன்று மணி.
ரியூப் லைற் போடுவதில்லை, அது இரையும்.
கதிரைகள் வட்டமாய் இல்லை,
அவரவர்க்குப் பிடித்த சுவரைப் பார்க்கும்.
குருநகர் றெஜினோல்ட் வலைக்கயிற்றில் முடிச்சுப் போடுவார்,
அவிழ்ப்பார், போடுவார்.
யாரும் விடுப்புக் கேட்பதில்லை.
வங்கிக்குப் போன் எடுக்கப் பயந்த எனக்கு
நஸ்லியா வங்கியானாள்.
"லைனில் இருங்கோ" என்று சொல்லி
உண்மையாகவே பதினொரு நிமிசம் காக்கவைத்தாள்.
ஆறாவது சனி, நானே எடுத்தேன், நிசமான வங்கிக்கு.
வெட்டுப்பட்டது.
திரும்ப எடுத்தேன்.
அதற்கு அங்கே ஒருவரும் கைதட்டவில்லை.
கைதட்டியிருந்தால் ஓடியிருப்பேன்.

மாசியில் ஒரு ஆள் வந்தார்.
வந்தார் என்றால் கீழ்ப்படிவரை.
ஹெல்மெற் கழற்றவில்லை.
நாலு சனி அப்படியே நின்று
நாலரைக்குத் திரும்பிப் போனார்.
மேலே கூப்பிடுவோமா என்று ஒரு கதை எழும்பி
தானே அடங்கியது.
ஐந்தாவது சனி, கோயில் லவுட்ஸ்பீக்கர் தொடங்குமுன்
றெஜினோல்ட் ஒரு கதிரையைக் கீழே கொண்டுபோய்
சுவரைப் பார்க்க வைத்துவிட்டு வந்தார்.
அன்றைக்கு அது வெறுமையாய் இருந்தது.
அடுத்த கிழமை, ஹெல்மெற்றோடு ஒரு முதுகு.

தேத்தண்ணியைப் படியில் வைத்து
நாலு படி தள்ளி நானும் இருந்தேன்,
மறுபக்கம் பார்த்து.
கடையில் யாரோ சில்லுக்குக் காற்றடித்தார்கள்.
ஆடை படிந்த பிறகு கேட்டார்:
"மேலை லைற் எரியுதோ?"
"இல்லை."
"ஃபான்?"
"கிறீச்சிடும். போடுறேல்லை."
காற்று நின்றது. திரும்பத் தொடங்கியது.
"எனக்கும் ஒரு சொல் தந்தவை.
அடுத்தது என்ன?"

என்னிடம் பேனையும் இல்லை, தேட மூடியும் இல்லை.
"அடுத்தது சனிக்கிழமை," என்றேன்.
"மூண்டு மணி."

அவர் பெயர் சிவானுகன்.
இன்னும் மேலே வரவில்லை.
படிவம் நிரப்ப வேண்டுமென்றால் நாங்கள் இறங்குவோம்.
கதிரையை அங்கேயே விட்டுவிட்டோம்.
கிழமை நாட்களில் கடைக்காரர்
ஒட்டுப்போட்ட ரியூப்புகளை அதில் காயப்போடுவார்.
சனி இரண்டரைக்கு எடுத்துவிடுகிறார்,
துடைத்தும் வைக்கிறார்.
நாங்கள் கேட்டதில்லை.