மூன்றரைக் கரண்டி

நெல்லிக்குப்பத்திலிருந்து நின்றுகொண்டே வந்ததில்
கைப்பைக்குள் ஒரு முட்டை உடைந்துவிட்டது.
வருகைப் பதிவேட்டின் விளிம்பு மஞ்சள்.
மிச்சமிருந்தது ஒன்றுதான்.

மேசைமேல் இரண்டு கண்ணாடி டம்ளர், கரண்டி,
பொட்டலத்தில் கல்லுப்பு.
தேதி போட்டு, 'நோக்கம்' என்று எழுதி
அடிக்கோடு இழுப்பதற்குள் மோனிஷ் எழுந்துவிட்டான்:
"உப்புத்தண்ணி எதுக்கு டீச்சர் கலக்கணும்?
அதான் இங்கயே கெடக்குதே."
நான் சரி சொன்னேனா, நினைவில்லை.
மதில் தாண்டி ஓடி, கால்சட்டை நனைய
தேவனாம்பட்டினத்துக் கடலில் ஒரு பாட்டில்
மொண்டுவந்து நீட்டினான்.

ஊற்றினோம். விட்டோம்.
முட்டை நேரே அடிக்குப் போய் உட்கார்ந்துகொண்டது.

வகுப்பே சிரித்தது.
வீட்டு ஆளை யாரோ வைததுபோல அவன் முகம்.
"எங்க கடல்ல உப்பு பத்தலையா?"

பத்தவில்லை. போட்டோம்.
ஒன்று. கலக்கினோம். இரண்டு.
மூன்றாவதில் லேசாகப் புரண்டது.
இன்னும் அரைக் கரண்டி.
ஒரு மொட்டைத்தலை நீரை விட்டு
எட்டிப் பார்த்தது.
கைதட்டல் ஓயுமுன் அவன் நோட்டில் குறித்துக்கொண்டான்:
கடல் + மூன்றரை.

அஸ்மிதாவுக்கு அது போதாது.
"ரெண்டு டம்ளரையும் ஒரே நேரத்துல பாக்கணும் டீச்சர்,
அப்பதானே நல்லதண்ணில முங்குதான்னு தெரியும்."
நியாயம்தான். ஆனால் முட்டை?
சத்துணவுக் கூடத்துக்கு ஓடினாள் கவிப்ரியா,
நீல முத்திரை குத்திய ஒன்றை
இரு கைக்குள் பொத்தி எடுத்துவந்தாள்.

குழாய்த் தண்ணீர்.
ஒரு கல் உப்புகூடப் போடவில்லை.
மிதந்தது.

கரண்டியால் அழுத்தினேன். ஆமாம், நான்தான்.
போய்விட்டு
திரும்ப மேலே வந்தது.
"தப்பா வருது டீச்சர்" என்றது கடைசி பெஞ்ச்.

தப்பில்லை என்று சொல்ல
எனக்கு ஒரு நிமிடம் பிடித்தது.
சுவருக்கு அந்தப் பக்கம் சமையல் கூடம், அதனால்
குரலைத் தாழ்த்திச் சொன்னேன்:
ஓடு முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத துளைகள்.
நாளாக நாளாக ஈரம் வெளியே போகும்,
அந்த இடத்தில் காற்று குடியேறும்.
பாடத்தில் இது இல்லை.

"அப்ப மத்ததெல்லாம்?"

அஞ்சலாட்சி அக்கா அடுப்பு மூட்டியிருந்தார்,
அண்டாத் தண்ணீர் சுட ஆரம்பித்திருந்தது.
எங்கள் கூட்டத்தைப் பார்த்தார், வாளியைப் பார்த்தார்,
கூடையை அவரே இழுத்துப் போட்டார்.
"காதோரம் ஆட்டிப் பாப்பேன்,
அதுக்குமேல எனக்கு ஒண்ணும் தெரியாது."

எண்பத்து நாலு.
முழுகியதை ஒருவரும் எண்ணவில்லை.
மிதந்ததைத்தான் கூடமே சேர்ந்து எண்ணியது, உரக்க,
பதினேழு, பதினெட்டு, பத்தொன்பது.
வாசலில் நின்ற தலைமையாசிரியர்
"சிலபஸ் முடிஞ்சிடுச்சா டீச்சர்?" என்று மட்டும் கேட்டார்.

அன்று மதியம் முப்பத்தெட்டுத் தட்டில்
நூலால் அறுத்த பாதி முட்டை.

அஸ்மிதாவின் நோட்டில்
காண்பது: உப்பு போடாமலே மிதந்தது.
அறிவது: 19.
சிவப்பு மையோடு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.
பிறகு 'சரி' போட்டேன்.

திங்கட்கிழமை வண்டி வந்தது.
அக்கா கையெழுத்துப் போடவில்லை.
"இரு தம்பி, சோதனை முடியட்டும்" என்று
வாளியை நகர்த்தினார்.
நாலு மிதந்ததும் வண்டிக்காரர் சிரித்தார்:
"கடலோரத் தண்ணிம்மா. உப்பு. மிதக்கத்தான் செய்யும்."

அக்கா என்னைப் பார்த்தார்.
நான் வாய் திறப்பதற்குள்
தட்டு கழுவ வந்த வரிசையிலிருந்து ஒரு குரல்:

"அண்ணே, நல்ல முட்ட கடல்லயே முங்கும்.
மூன்றரைக் கரண்டி கொறையுது.
நோட்டு எடுத்தாரவா?"