கழற்ற வராதது

மண்டபம் பேருந்து நிலையத்துக்கு எதிரே
மாடிப்படி ஏறியதும் முதல் கதவு என் கடை.
உப்புக்காற்றுக்குப் பயந்து ஜன்னலைச் சாத்தியே வைத்திருப்பேன்.
அப்படியும் அது வரும்.

ஜெர்மானுஸ் வந்தபோது உச்சி வெயில்.
கக்கத்தில் மடிக்கணினி, நகக்கண்ணில் கிரீஸ்.
"உள்ளே இருக்கது ஏழாம் தலைமுறையாம்.
பன்னிரண்டெல்லாம் வந்திருச்சுங்கிறாங்க.
அதைக் கழட்டிட்டு இதைப் போடு தாயி,
என்ன செலவுன்னு சொல்லு."

போன மாசம்தான்
பாம்பனில் ஒரு விசைப்படகுக்கு
லாரி இஞ்சினை இறக்கி வைத்தாராம்.
அடிக்கட்டையை ரெண்டு விரக்கடை செதுக்கி,
தண்டை நீட்டி,
வலை இழுக்கிற கப்பியிலேயே கட்டித் தொங்கவிட்டு.
"அதுக்கே வழி இருக்கு.
இது தீப்பெட்டி அளவுகூட இல்லையே."

பதில் சொல்லாமல் கவிழ்த்துப் போட்டேன்.
ஒன்பது திருகாணி இருக்க வேண்டிய இடத்தில்
எட்டுதான் கறுப்பு.
ஒன்பதாவது பித்தளை.
வேறெதற்கோ பிறந்து,
அரத்தால் ராவ ராவ இந்தப் புரிக்குப் பழகியது.
யார் வேலை என்று கேட்கவில்லை.

மூடியைத் திறந்தால்
விசிறியில் தூசியும் உப்பும் சேர்ந்து நெய்த கம்பளி.
பலகையின் ஓரத்தில் பச்சை பூத்திருந்தது.
பூதக்கண்ணாடியை அவர் பக்கம் திருப்பினேன்.

"இதான் அது.
கால் இல்லை பாருங்க, பிடுங்கி நட முடியாது.
அடியில் ஆயிரத்துக்கு மேல ஈயப்பொட்டு,
கடுகைவிடச் சிறுசு,
பலகையோட பத்தவச்சிருக்கான்."

"பத்தவச்சதை வெட்டுறதுதானே என் பொழப்பு."

"சூடு காட்டி எடுக்கலாம்ணே.
எடுத்த இடத்தில் இதே வயசுக்காரன்தான் உட்காருவான்.
புதுசுக்குப் பொட்டுக் கணக்கு வேற,
கரண்டு கேட்கிற விதம் வேற,
இந்தப் பலகைக்கு அவன் பேச்சே புரியாது."

கண்ணாடியிலிருந்து முகத்தை எடுக்கவில்லை அவர்.
"எதுக்கு இப்படிச் செஞ்சான்?"
"மெலிசா இருக்கணும்னு."
"மெலிசா இருந்து?"

பத்து வருஷமாக இந்த வேலையில் இருக்கிறேன்,
இதற்குப் பதில் தெரியாது.
வெளியே ராமேஸ்வரம் ரயில்
புதுப் பாலத்தை நோக்கி ஊதிக்கொண்டு போனது.
பழைய பாலத்தையும் யாரும் கழற்றிப் பொருத்தவில்லை,
பக்கத்தில் இன்னொன்று கட்டிக்கொண்டார்கள்.
சொல்ல வாயெடுத்து விட்டுவிட்டேன்.
பக்கத்தில் இன்னொன்று வாங்க
அறுபதாயிரம் வேண்டும்.
இதுவோ மீன்பிடித் தடைக்காலம்:
கரையேறிய படகிலெல்லாம் இவருக்கு வேலை,
கூலி மட்டும்
படகு கடலுக்குப் போன பிறகு.

"எதுக்குண்ணே இது உங்களுக்கு?"

நடுக்கடலில் இஞ்சின் நின்றால்
எதை முதலில் தொடுவது, எதைத் தொடவே கூடாது,
படம் பிடித்து வெட்டி ஒட்டுகிறாராம்.
பன்னிரண்டு நிமிஷப் படம் சேர விடிந்துவிடும்.
பேருதான் மடிக்கணினி,
மடியில் வைத்தால் வேட்டி கருகும்.

விசிறியைச் சுரண்டினேன். காய்ந்த பசையை வழித்துப்
புதுப்பசை தடவினேன்.
பச்சையைத் துடைத்தேன்.
நினைவகம் எட்டு ஜிபி கூடுதல்,
சுழல்கிற தட்டுக்குப் பதில் சுழலாத ஒன்று.
மூவாயிரத்து எண்ணூறு,
பாதி இப்போது.

சாயங்காலம் அதே படத்தை ஓட்டிப் பார்த்தார்.
ரெண்டு மணி நேரத்தில் முடிந்தது.
அடியில் புறங்கையை வைத்தார்,
ஜுரம் பார்க்கிற மாதிரி.
"ஓடுது.
ஆனா அதே இஞ்சின்தானே?"
"அதே இஞ்சின்தாண்ணே."

என் டப்பாவில் கறுப்புத் திருகாணி
நூறு கிடக்கும்.
எட்டை முடுக்கிவிட்டு
பித்தளையைக் கையில் எடுத்தபோது பார்த்துக்கொண்டே இருந்தார்.
அதே துளையில் அதையே வைத்தேன்,
ஒன்றரைச் சுற்றில் இறுகிக்கொண்டது.

டீசல் வாடையோடு நூறு ரூபாய்த் தாள்கள்.
படியிறங்கும்போது
தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போனார்:
"மெலிசா இருக்கணுமாம்ல."
கீழே யாரோ என்னவென்று கேட்க,
மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தார்.